வலிக்கவில்லை என்று இருந்துவிடாதீர்கள்: வாசகர் கேள்வி பதில்

பாரிசவாதம் பற்றிச் சென்ற இதழில் எழுதிய பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நரம்புகளைப் பற்றியே கேட்கின்றன. ஆகவே இம்முறை முழுப் பகுதியையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். நான் வைத்தியர் அல்ல. திருகோணமலையில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் படிப்பித்து ஓய்வு பெற்றவள். உடம்பு எப்படி அமைந்திருக்கிறது என்பதை என்னால் விளக்க முடியும். வைத்தியரிடம் போக வேண்டிய இடத்தில் போங்கள் என்று தயங்காமல் சொல்வேன்.

“டீச்சர், நரம்புக்கலத்தின் படத்தைப் பாடமாக்கி வரைந்துவிடுகிறேன். ஆனால் அது உண்மையில் எவ்வளவு பெரியது, கண்ணால் பார்க்க முடியுமா என்று தம்பி கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை.”
– உயர்தர மாணவி, உப்புவெளி

பார்க்கலாம் மகள், உங்கள் வீட்டுக் குசினியிலேயே பார்க்கலாம். காலையில் சந்தைக்குப் போகிறவரிடம் ஊசிக்கணவாய் ஒன்று வாங்கி வரச் சொல்லுங்கள். ஐஸில் நாட்கணக்காகக் கிடந்தது வேண்டாம், அன்று பிடித்ததாக இருக்கட்டும். தலையைப் பிடுங்காமல், உடலின் அடிப்பக்கத்தை நீளவாக்கில் கத்தரிக்கோலால் வெட்டி, இரு பக்கமும் விரித்துத் தட்டில் வையுங்கள். குடலையும் மைப்பையையும் மெதுவாக விலக்குங்கள். மைப்பை உடைந்தால் ஒன்றும் தெரியாது, அவ்வளவு கவனம் வேண்டும். இப்போது உடற்சுவரின் உட்பக்கத்தில், தலைக்கு அண்மையில், இடதும் வலதுமாக ஒவ்வொரு சிறிய வெண்ணிற முடிச்சு தெரியும். அதிலிருந்து வெள்ளை நூல்கள் பல திசைகளில் பிரிந்து தசைக்குள் இறங்கும். வால்புறமாக ஓடும் மிக நீளமான நூலைப் பாருங்கள். அதற்குள் இருக்கும் தடித்த இழை ஒரே ஒரு அக்சன், அதாவது நரம்புக்கலத்தின் நீண்ட முளை. விட்டம் ஒரு மில்லிமீட்டர் வரை வரும். சரியாகச் சொன்னால், பல கலங்களின் முளைகள் வளரும்போதே ஒன்றாகக் கலந்து உண்டான குழாய் அது. ஆபத்து வரும்போது உடற்சுவரை ஒரே நொடியில் சுருக்கி, நீரைப் பீச்சிப் பின்னோக்கிப் பாய்வதற்காகவே கணவாய்க்கு இது அமைந்திருக்கிறது.

இந்த இழைதான் நரம்பியலின் வரலாற்றை மாற்றியது. இங்கிலாந்தில் ஹொட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இருவர் 1939ஆம் ஆண்டு இதற்குள் நுண்ணிய மின்வாயைச் செலுத்தி, கணத்தாக்கம், அதாவது நரம்பில் ஓடும் மின் செய்தி, கடந்து போகும்போது மின்னழுத்தம் எப்படி மாறுகிறது என்பதை நேரடியாக அளந்தார்கள். போருக்குப் பிறகு அந்த ஆய்வைத் தொடர்ந்து 1952இல் முழு விளக்கத்தையும் வெளியிட்டார்கள். 1963இல் நோபல் பரிசு கிடைத்தது. நமது கலங்களிலும் அதே முறைதான். ஓய்வில் இருக்கும் நரம்புக்கலத்தின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் குறைவாக இருக்கும். தூண்டல் வந்ததும் மென்சவ்வில் உள்ள சோடியம் வாயில்கள் திறக்கின்றன, சோடியம் உள்ளே பாய்கிறது, உட்புறம் கணநேரம் நேர் மின்னழுத்தம் பெறுகிறது. அடுத்துப் பொற்றாசியம் வெளியேறிப் பழைய நிலை திரும்புகிறது. இந்த மாற்றம் அடுத்த இடத்தைத் தூண்ட, அது அதற்கடுத்த இடத்தைத் தூண்ட, செய்தி ஓடுகிறது. சோடியம் வாயிலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மூதூர்க்காரர் ஒருவருக்கும் அது தேவைப்படும்.

மனித நரம்புக்கலம் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. பெரிய கலவுடல்களே மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு அளவுதான். அதற்குள் கருவும், புரதம் செய்யும் பகுதிகளும், இழைமணிகளும் இருக்கின்றன. கலவுடலிலிருந்து பிரியும் குட்டையான கிளை முளைகள், அதாவது டெண்ட்ரைட்டுகள், செய்தியை வாங்குகின்றன. நீண்ட அக்சன் செய்தியை வெளியே கொண்டுபோகிறது. அந்த நீளத்தை நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்புத்தண்டான முண்ணாணின் கீழ்ப்பகுதியிலிருந்து பாதத்தின் சிறு தசைக்குப் போகும் அக்சன் ஏறத்தாழ ஒரு மீட்டர். கொப்பியில் கலவுடலை இரண்டு சென்டிமீட்டருக்கு வரைகிறீர்கள் என்றால், அதே அளவுத்திட்டத்தில் அக்சனை வரைய 200 மீட்டர் தாள் வேண்டும்! புத்தகப் படம் அதைச் சுருக்கித்தான் காட்ட முடியும். ஆனால் அந்த நீளம் மனதில் பதியாவிட்டால் நரம்பு நோய்கள் ஒன்றுமே விளங்காது.

கணவாயின் அக்சனுக்கு மையலின் உறை இல்லை, தடிப்பால்தான் வேகம் பெறுகிறது. நமது அக்சன்கள் அதைவிடப் பல மடங்கு மெல்லியவை. ஆனாலும் வேகமானவை நொடிக்கு 120 மீட்டர் வரை செய்தியை ஓட்டுகின்றன. காரணம் சுவான் கலங்கள். ஒவ்வொரு சுவான் கலமும் அக்சனின் ஒரு சிறு துண்டைச் சுற்றிப் பாய் சுருட்டுவதுபோலப் பல சுற்றுச் சுற்றிக்கொள்கிறது. அந்தக் கொழுப்புச் சுருள்தான் மையலின். ஒரு சுருளுக்கும் அடுத்த சுருளுக்கும் இடையிலுள்ள இரான்வியரின் கணுவில்தான் சோடியம் வாயில்கள் செறிந்திருக்கின்றன. ஆகவே செய்தி கணுவுக்குக் கணு தாவிச் செல்கிறது. மூளையிலும் முண்ணாணிலும் இந்த உறையைப் போடுவது வேறொரு வகைக் கலம், ஒலிகோடென்ட்ரோசைட். அது ஒன்றே பல அக்சன்களுக்கு உறை போடும்.

இறுதியாக ஒன்று. இத்தாலியரான கொல்கி 1873இல் வெள்ளி உப்பால் நரம்புக்கலத்தைக் கறுப்பாக்கிப் பார்க்கும் முறையைக் கண்டுபிடித்தார். அதே முறையைக் கொண்டு ஸ்பெயின் நாட்டவரான ரமோன் இ கஹால் பொறுமையாக வரைந்து வரைந்து, ஒவ்வொரு நரம்புக்கலமும் தனித்தனி என்று காட்டினார். கொல்கியோ எல்லாம் ஒரே வலை என்று உறுதியாக நம்பினார். 1906இல் நோபல் பரிசை இருவருக்கும் பகிர்ந்து கொடுத்தார்கள். மேடையில் அவர்கள் ஆற்றிய உரைகளும் ஒன்றையொன்று மறுத்தன. கஹால் சொன்னதே சரி. கலத்துக்கும் கலத்துக்கும் நடுவே மில்லிமீட்டரின் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு அளவான இடைவெளி இருக்கிறது. பெரும்பாலான இடங்களில் செய்தி அதைக் கடப்பது இரசாயனப் பொருளாகவே. இப்படியான கலங்கள் மனித மூளையில் ஏறத்தாழ 8600 கோடி. அவற்றில் 6900 கோடி வரை பின்புறமுள்ள மூளியில், அதாவது சிறுமூளையில், இருக்கின்றன. சமநிலையையும் அசைவையும் ஒழுங்குபடுத்தும் அந்தச் சிறிய பகுதிக்கு இவ்வளவு தேவைப்படுகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பு.

“முழங்கை கதவில் இடித்தால் சுண்டுவிரல் வரை மின்சாரம் பாய்வது ஏன்?”
– தரம் 10 மாணவன், திருகோணமலை நகர்

முழங்கையின் உட்பக்க எலும்புப் புடைப்புக்குப் பின்னால் அல்னர் நரம்பு ஓடுகிறது. மற்ற இடங்களில் தசைக்குள் ஒளிந்திருக்கும் நரம்பு, அங்கே தோலுக்கு அடியில் காவலின்றிக் கிடக்கிறது. அது சுண்டுவிரலிலிருந்தும் மோதிரவிரலின் பாதியிலிருந்தும் செய்தி கொண்டுவரும் நரம்பு. நடுவழியில் இடித்தாலும், செய்தி விரலிலிருந்தே வந்ததாக மூளை எடுத்துக்கொள்ளும். வழியில் எங்கே தொடங்கியது என்பதை அறிய மூளைக்கு வேறு வழியில்லை தம்பி.

“என் கணவர் கடற்றொழிலாளி. தூண்டில் கயிற்றை அறுக்கும்போது கத்தி தவறி இடது மணிக்கட்டு வெட்டுப்பட்டது. நரம்பைத் தைத்திருக்கிறோம் என்றார்கள். நான்கு மாதமாகியும் பெருவிரலும் பக்கத்து இரு விரல்களும் விறைத்தே இருக்கின்றன. தையல் பிழைத்துவிட்டதா?”
– வாசகி, கிண்ணியா

நான்கு மாதத்தில் விறைப்பு மீதமிருப்பதைக் கொண்டு மட்டும் தையல் பிழைத்துவிட்டது என்று சொல்ல முடியாது, மனம் தளராதீர்கள். தைத்தவுடன் பொருந்தி வேலை செய்ய நரம்பு ஒரு வயர் அல்ல. வெட்டுக்கு அப்பால் உள்ள அக்சன் துண்டுகள் தம் கலவுடலிலிருந்து பிரிந்துவிட்டன. உணவும் புரதமும் கலவுடலிலிருந்துதான் வருகின்றன. ஆகவே அந்தத் துண்டுகள் சில நாட்களில் சிதைந்துபோகும். அகஸ்டஸ் வாலர் 1850இலேயே தவளையின் நாக்கு நரம்பில் இதைக் கண்டார். ஆனால் சுவான் கலங்கள் சாவதில்லை. சிதைந்ததைத் துப்புரவாக்க உதவி, பெருகி, வரிசையாக நின்று வழி அமைக்கின்றன. வெட்டுக்கு இப்பால் உள்ள முனை அந்த வழியைப் பிடித்துக்கொண்டு மீண்டும் வளர்கிறது. வைத்தியர் தைப்பது நரம்பின் உறையை. உள்ளே இருப்பது தானாகத்தான் வளர வேண்டும்.

வளரும் வேகம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனி வரை 18 சென்டிமீட்டர் என்று வையுங்கள். வளரத் தொடங்குவதற்கே சில வாரங்கள் போய்விடும். அதற்குப் பிறகு ஆறு மாதம். அடுத்த முறை வைத்தியர் உள்ளங்கையில் மெல்லத் தட்டிப் பார்ப்பதைக் கவனியுங்கள். வளரும் முனை இருக்கும் இடத்தில் தட்டினால் விரல் நுனிக்குச் சுர்ரென்று ஓடும். மாதாமாதம் அந்த இடம் விரலை நோக்கி முன்னேறினால் நரம்பு வருகிறது என்று அர்த்தம். பல மாதமாக ஒரே இடத்திலேயே நின்றால், சத்திரசிகிச்சை செய்தவரிடம் தாமதியாமல் கேளுங்கள்.

அதுவரை அந்த மூன்று விரல்களையும் நீங்கள்தான் காக்க வேண்டும். சுடுகின்ற பாத்திரத்தைப் பிடித்தாலும், தூண்டில் முள் ஏறினாலும் அவருக்குத் தெரியாது. விரல்களில் உணர்வு திரும்பத் தொடங்கியதும் இன்னொரு வேலை இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு அரிசி, மணல், துணி, வலைக்கண் என்று ஒவ்வொன்றாகத் தடவி இது என்னவென்று சொல்லச் சொல்லுங்கள், பிறகு கண்ணைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். வளர்ந்து வரும் அக்சன்கள் எல்லாம் பழைய இடத்திலேயே சேர்வதில்லை. புதிய செய்திகளை மூளை திரும்பப் பழக வேண்டும். இதை உடற்பயிற்சிச் சிகிச்சையாளர்கள் முறையாகச் சொல்லித் தருவார்கள்.

இதை எழுதும்போது, போர்க்காலத்தில் முள்ளந்தண்டில் காயப்பட்டுச் சக்கர நாற்காலியில் வாழும் நம் மாவட்டத்து உறவுகள் நினைவுக்கு வருகிறார்கள். கை நரம்பு வளருமென்றால் முண்ணாண் ஏன் வளரவில்லை என்று அவர்கள் கேட்பது முழுக்க நியாயம். முண்ணாணில் சுவான் கலங்கள் இல்லை. அங்கே உள்ள மையலினில் இருக்கும் சில புரதங்கள் அக்சன் வளர்வதைத் தடுக்கின்றன. காயத்தைச் சுற்றி அஸ்ட்ரோசைட் எனப்படும் துணைக் கலங்கள் வடு அமைக்கின்றன. அந்த இடத்தைத் தாண்டி அக்சன் போவதில்லை. அவர்களுடைய முயற்சிக் குறைவு இதில் எள்ளளவும் இல்லை.

“மகளுக்குச் சிசேரியன் செய்ய முதுகில் ஊசி போடப்போகிறார்களாம். முண்ணாணில் குத்தினால் கால் வழங்காமல் போய்விடாதா?”
– ஒரு தாய், சாம்பல்தீவு

ஊசி போடும் இடத்தில் முண்ணாண் இல்லை அம்மா. கருவில் மூன்றாம் மாதம் வரை முண்ணாணும் முள்ளந்தண்டும் ஒரே நீளம். பிறகு எலும்பு விரைவாக வளர்கிறது, முண்ணாண் பின்தங்குகிறது. வளர்ந்தவரில் அது 45 சென்டிமீட்டர் அளவில், முதலாம் இரண்டாம் நாரி முள்ளென்புகளின் மட்டத்தில் முடிந்துவிடும். ஊசி போடுவது அதற்குக் கீழே, மூன்றாம் நான்காம் முள்ளென்புகளுக்கு இடையில் அல்லது அதற்கும் ஒரு படி கீழே. அங்கே குதிரைவால் எனப்படும் நரம்பு வேர்க்கற்றை நீரில் மிதந்துகொண்டிருக்கும். ஊசி வரும்போது வேர்கள் பெரும்பாலும் விலகிக்கொள்ளும்.

போடும் மருந்து நான் மேலே சொன்ன சோடியம் வாயில்களைச் சில மணி நேரம் அடைக்கிறது. வலிச் செய்தி ஏறாது, காலும் அசையாது. மருந்து கரைந்ததும் வாயில்கள் திறந்துவிடும். சிலருக்கு அடுத்த நாட்களில் எழுந்தால் தலைவலி வரலாம், அதை விடுதியில் சொல்ல வேண்டும். ஊசி போட்ட இடம் சில நாள் நோகலாம். ஆனால் பிள்ளை பெற்ற பின் வருடக்கணக்காக நீடிக்கும் முதுகுவலிக்கெல்லாம் அந்த ஊசியே காரணம் என்ற பேச்சை நம்பாதீர்கள். ஒன்பது மாதச் சுமையும், தளர்ந்த மூட்டுகளும், ஓய்வில்லாமல் குனிந்து நிமிர்வதும் போதாதா?

“பத்து வருடமாகச் சலரோகம். இப்போது வயலில் இறங்கினால் சேறு காலில் படுவதே தெரியவில்லை. செருப்புக் கழன்று விழுந்ததும் தெரிவதில்லை. ஆனால் வலி ஒன்றும் இல்லை. எனவே பயப்பட ஒன்றுமில்லைதானே?”
– விவசாயி, தம்பலகாமம்

ஐயா, இந்த இதழில் வந்த கடிதங்களிலேயே என்னை அதிகம் கலங்கவைத்தது உங்களுடையதுதான். வலி இல்லை என்பதுதான் இங்கே பயப்பட வேண்டிய விடயம்.

உங்கள் பாதத்தின் உணர்வைக் கொண்டுவரும் கலங்களின் உடல்கள் பாதத்தில் இல்லை. அவை நாரிப் பக்கத்தில், முண்ணாணை ஒட்டிய சிறு திரட்டுகளில் இருக்கின்றன. அங்கே செய்யப்படும் புரதம் அக்சன் வழியே விரல் நுனி வரை நகர்ந்து வர வேண்டும். விரைவாக வருபவை இரண்டு மூன்று நாளில் வந்துசேரும். மெதுவாக நகர்பவை நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் வருகின்றன, அவற்றுக்கு வருடக்கணக்கு ஆகும். இரத்தத்தில் சீனி நீண்டகாலம் மிகுந்திருந்தால் நரம்பும், நரம்புக்கு இரத்தம் கொடுக்கும் நுண் நாளங்களும் பழுதாகின்றன. மிக நீளமான அக்சனே முதலில் தோற்கும். அதனால்தான் விரல் நுனியில் தொடங்கி, காலுறை போடும் இடம் முழுவதும் மெல்ல மெல்ல மேலேறுகிறது.

வலிக்கும் கால் தன்னைத் தானே காத்துக்கொள்ளும். முள் குத்தினால் இழுத்துக்கொள்வீர்கள், கொப்புளம் வந்தால் நொண்டி நடந்து அந்த இடத்துக்கு ஓய்வு கொடுப்பீர்கள். உணர்வற்ற கால் அதே புண்ணின் மேல் நாள் முழுவதும் நடக்கும். புண் எலும்பு வரை போன பிறகுதான் மணத்தில் தெரியவரும். கால் விரல்களை இழந்தவர்கள் பலர் இந்த வழியாகத்தான் இழந்தார்கள்.

தயவுசெய்து இவற்றை இன்றே தொடங்குங்கள். ஒவ்வொரு இரவும் வெளிச்சத்தில் உட்கார்ந்து பாதத்தின் அடியையும் விரலிடுக்குகளையும் பாருங்கள், குனிய முடியாவிட்டால் கண்ணாடியை நிலத்தில் வைத்துப் பாருங்கள், அல்லது பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். செருப்புப் போடுமுன் உள்ளே கையை விட்டுக் கல் இருக்கிறதா என்று தடவுங்கள். கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போனால், ஏழு கிணறும் ஒரே சூடு அல்ல, எனவே காலில் ஊற்றுமுன் முழங்கையில் ஊற்றிப் பாருங்கள். நண்பகல் வெயிலில் கோணேசர் கோயிலின் கல்தளத்தில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். காலையில் போங்கள், கோணேசப்பெருமான் காத்திருப்பார். வயலுக்குப் பூட்ஸ் இல்லாமல் இறங்காதீர்கள். அடுத்த கிளினிக்கில் சீனியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாமல், காலைப் பாருங்கள் என்று நீங்களே கேளுங்கள். மெல்லிய நைலோன் இழை ஒன்றைப் பாதத்தில் அழுத்தி உணர்வைச் சோதிப்பார்கள். ஒரு நிமிட வேலை.

உணர்வு போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பேசவே நம்மவர்கள் கூசுகிறார்கள். தோலில் வெளிறிய அல்லது சிவந்த படை ஒன்று வந்து, அதில் தொட்டாலோ குத்தினாலோ தெரியாவிட்டால், அது தொழுநோயாக இருக்கலாம். நோர்வேயைச் சேர்ந்த ஹான்சன் 1873இல் கண்டறிந்த அந்த பக்டீரியா சுவான் கலங்களுக்குள்ளேயே குடியேறுகிறது. மட்டக்களப்பு வாவியில் உள்ள மாந்தீவில் நோயாளரை ஒதுக்கிவைத்த காலம் நம் பெரியவர்களுக்குத் தெரியும். இன்று அது ஆறு அல்லது பன்னிரண்டு மாத மாத்திரையில் முற்றாகக் குணமாகும் நோய், மருந்தும் இலவசம். ஒளித்துவைத்தால் விரல்கள் மடங்கிப்போகலாம்.

“பேத்தை மீனை நன்றாகக் கழுவி, நீண்ட நேரம் அவித்தால் விஷம் போய்விடும் என்கிறார்களே?”
– வாசகர், மூதூர்

போகாது. அவித்தாலும் பொரித்தாலும் உப்பிட்டுக் காயவைத்தாலும் போகாது. அதிலுள்ள டெட்ரோடொக்சின் சமையல் சூட்டுக்கு அழியாதது. ஈரலிலும் சினையிலும் தோலிலும் மிகுதி, வெட்டும்போது தசைக்கும் பரவும். அது சோடியம் வாயிலின் வெளிப்புறத்தில் போய் அடைத்துக்கொள்கிறது. பேத்தையின் சொந்த வாயில்கள் சற்றே மாறுபட்ட அமைப்புடையவை என்பதால் மீனுக்கு ஒன்றும் ஆவதில்லை. சாப்பிட்டவருக்கு முதலில் உதடும் நாக்கும் விறைக்கும். பிறகு கை கால், கடைசியில் சுவாசத் தசைகள். நினைவு தெளிவாக இருக்கும்போதே மூச்சு நிற்கலாம். மாற்று மருந்து கிடையாது. உடலிலிருந்து விஷம் வெளியேறும்வரை இயந்திரத்தால் மூச்சுக் கொடுப்பதே வழி. உதடு விறைத்த உடனே வைத்தியசாலைக்கு ஓட வேண்டும், தூங்கி எழுந்தால் சரியாகும் என்று படுக்கக்கூடாது.

நமது வறண்ட நிலத்தில் கட்டுவிரியனும் இப்படியே சத்தமில்லாமல் கொல்கிறது. இரவில், நிலத்தில் பாய் விரித்துப் படுத்திருப்பவரைத் தீண்டும். கடிவாயில் வலியோ வீக்கமோ பெரிதாக இராது. அதன் நஞ்சு நரம்பு முடிவுகளைத் தாக்கி, தசைக்குச் செய்தி கொடுக்கும் அசற்றைல்கோலின் பைகளைத் தீர்த்துவிடுகிறது. விடியற்காலையில் காரணமில்லாமல் வயிறு நொந்து, கண் இமை இரண்டும் தூக்க முடியாமல் சரிந்தால், கடித்த அடையாளம் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். நஞ்சு முறிப்பு மருந்தை விரைவில் கொடுத்தால் மேலும் பாதிப்பு நடக்காமல் தடுக்கலாம். ஏற்கெனவே அழிந்த முடிவுகள் திரும்ப வளரும்வரை, நாட்கணக்கிலோ வாரக்கணக்கிலோ, சுவாச இயந்திரம் தேவைப்படலாம். கட்டிலில் படுங்கள், நுளம்பு வலையின் ஓரங்களை மெத்தைக்கு அடியில் செருகிவிடுங்கள்.

“கை நடுக்கமும் களைப்பும் இருக்கிறது. நரம்புத் தளர்ச்சிக்கான டொனிக் ஒன்று விளம்பரத்தில் பார்த்தேன். குடிக்கலாமா?”
– இளைஞர், குச்சவெளி

வேண்டாம் தம்பி. நரம்பு தளர்வதுமில்லை, டொனிக்கால் இறுகுவதுமில்லை. நடுக்கத்துக்குத் தைரொயிட் மிகையாகச் சுரப்பது காரணமாகலாம், குடும்பவழி வரும் நடுக்கமாகவும் இருக்கலாம். களைப்புக்கு இரத்தச்சோகையோ, உறக்கமின்மையோ, மனச்சோர்வோ காரணமாகலாம். பி12 உயிர்ச்சத்துக் குறைந்தால் மையலினே பழுதாகும், மீனும் முட்டையும் பாலும் சேர்க்காதவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். இவற்றில் பலதை இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம். டொனிக்குக்கு எடுத்துவைத்த பணத்தை பஸ் டிக்கெட்டுக்கு வைத்துக்கொண்டு வெளிநோயாளர் பிரிவுக்குப் போங்கள், கையோடு ஒரு தாளில் நடுக்கம் எப்போது தொடங்கியது, எந்த நேரத்தில் கூடுகிறது, ஒரு கையிலா இரு கையிலா என்று எழுதிக்கொண்டு போங்கள். அந்த மூன்று விவரமும் வைத்தியருக்கு மிகவும் உதவும்.